விலையைப் பேசினோம், ஷரத்தைப் பேசினோமா?

(சிறுதொழில் முனைவோர் கூட்டமொன்றில் கோயம்புத்தூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பேரம் பேசுவதைப் பற்றிக் கோயம்புத்தூர்க்காரருக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்து பாடம் நடத்த முடியுமா? முடியாது. காஸ்டிங் கிலோவுக்கு ஐம்பது காசு குறைய அரை நாள் உட்கார்ந்து பேசுவீர்கள். தாமிரக் கம்பி வாங்கினால் எடை பார்ப்பீர்கள், தரம் பார்ப்பீர்கள், கடன் தவணை கேட்பீர்கள். லேத் மெஷின் வாங்கினால் நேரில் போய் ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க மாட்டீர்கள்.

அதே நீங்கள், அமெரிக்காவிலிருந்தோ பிரான்சிலிருந்தோ ஒரு மென்பொருளை வாங்கும்போது என்ன செய்கிறீர்கள்? விலையைக் கேட்கிறீர்கள். பத்து சதவீதம் தள்ளுபடி வாங்குகிறீர்கள். பிறகு திரையில் ஓர் ஒப்பந்தம் வருகிறது. நாற்பது பக்கம், ஐம்பது பக்கம். அதன் அடியில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு கட்டம். அதை அழுத்துகிறவர் யார்? முதலாளியா? இல்லை. கணக்காளரா? இல்லை. கம்ப்யூட்டரைச் சரிசெய்ய வந்த பையன்!

இன்று நான் பேச வந்த பொருள் அதுதான். வெளிநாட்டு விற்பனையாளரிடம் உரிமம் பெற்ற மென்பொருள் வாங்குவது. நான் சொல்ல வந்தது ஒரே ஒரு செய்தி. மென்பொருள் வியாபாரத்தில் பேரம் பேச வேண்டிய இடம் விலைப் பட்டியலைவிட ஒப்பந்தத்தில்தான் அதிகம் இருக்கிறது. விலையைப் பேசினீர்கள், சரி. ஷரத்தைப் பேசினீர்களா?

நான்கு கேள்விகளாக இதைப் பார்ப்போம். எதை வாங்கினோம்? வரி யார் தலையில்? சாவி யார் கையில்? சண்டை வந்தால் எந்த ஊரில்?

முதல் கேள்வி. எதை வாங்கினோம்?

பம்பு டிசைன் செய்யவும், டை வரையவும், சிஎன்சி மெஷினுக்கு நிரல் எழுதவும் நம் பட்டறைகள் பயன்படுத்தும் கேட், கேம் மென்பொருள்கள் பெரும்பாலும் அயல்நாட்டுச் சரக்கு. ஆட்டோகேட் அமெரிக்காவைச் சேர்ந்தது. சாலிட்வொர்க்ஸ் பிரான்சின் தசோ நிறுவனத்துடையது. திருப்பூரில் பேட்டர்ன் போடவும் மார்க்கர் அடுக்கவும் கெர்பர், லெக்ட்ரா என்ற பெயர்கள் பழக்கம். லட்சக்கணக்கில் பணம் கொடுத்து வாங்குகிறோம். கிரயம் செய்துவிட்டதாக நினைக்கிறோம். ஆனால் கையில் இருப்பது வாடகை ஒப்பந்தம். வீட்டுக்காரர் எழுதிய ஒப்பந்தம். எத்தனை பேர் குடியிருக்கலாம், எந்த அறையில் இருக்கலாம், உள்வாடகைக்கு விடலாமா என்பதெல்லாம் அதில் இருக்கிறது. நாம் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

இது வெறும் தத்துவமா? இல்லை, நீதிமன்றம் வரை போன விவகாரம். அமெரிக்காவில் டிமோதி வெர்னர் என்பவர் ஒரு கட்டடக்கலை அலுவலகத்திடமிருந்து பழைய ஆட்டோகேட் பெட்டிகளை வாங்கி, இணைய ஏலத்தில் விற்கப் பார்த்தார். ஆட்டோகேட்டைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் தடுத்தது. வழக்கு நடந்தது. கீழ் நீதிமன்றம் வெர்னர் பக்கம் நின்றது. 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. அந்த அலுவலகம் மென்பொருளுக்கு உரிமையாளரே அல்ல, உரிமம் பெற்றவர் மட்டும்தான், தன்னுடையதாக இல்லாததை அது எப்படி விற்க முடியும் என்றது.

கடலுக்கு இந்தப் பக்கம் ஐரோப்பாவில் என்ன ஆயிற்று? யூஸ்டுசாஃப்ட் என்ற ஜெர்மன் நிறுவனம் ஆரக்கிள் மென்பொருளின் பழைய உரிமங்களை வாங்கி விற்றது. 2012 ஜூலை 3 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. காலவரையற்ற உரிமத்தை ஒரு விலைக்குக் கொடுத்தால் அது விற்பனையே. முதலில் வாங்கியவர் தன் பிரதியைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டால், அதை இன்னொருவருக்கு விற்கலாம். கேள்வி ஒன்று. கண்டங்கள் இரண்டு. பதில்களும் இரண்டு! அப்படியானால், உங்கள் ஒப்பந்தம் எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து, உங்கள் அலமாரியில் இருப்பது சொத்தா, வெறும் அனுமதியா என்பதே மாறிவிடுகிறது.

இதை நம் பட்டறைக்குள் கொண்டுவந்து பாருங்கள். உரிமம் ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் பூட்டப்பட்டிருக்கலாம். அந்தக் கம்ப்யூட்டர் மின்னழுத்தம் எகிறிக் கருகிப்போனால், வேறொன்றுக்கு மாற்ற விற்றவரின் தயவு வேண்டும். உரிமம் ஓர் ஆள் பெயரில் இருக்கலாம். அந்த டிசைனர் வேலையை விட்டுப் போனால், புதியவர் பெயருக்கு மாற்ற வழி இருக்கிறதா? இரண்டு ஷிப்ட் ஓடுகிறதே, பகல் ஆளும் இரவு ஆளும் ஒரே உரிமத்தில் வேலை செய்யலாமா? உரிமம் ஒரு நாட்டு எல்லைக்குள் மட்டும் செல்லும் என்றிருக்கலாம். துபாயில் மச்சான் இருக்கிறார், அங்கே விலை குறைவு, வாங்கி அனுப்பிவிட்டார் என்று மகிழ்ந்தால், பணமும் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தையும் மீறியவர் ஆவீர்கள்.

மீறினால் என்ன ஆகும்? ஒப்பந்தத்தில் தணிக்கை ஷரத்து ஒன்று இருக்கும். எத்தனை பிரதி ஓடுகிறது என்று அவர்கள் வந்து எண்ணலாம். அதற்கு மேல் நம் நாட்டுச் சட்டமும் இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு நிரலைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்துவோருக்கு ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் என்கிறது. வெளிநாட்டு நிறுவனங்கள் தொடுத்த வழக்குகளில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையர்களை நியமித்து, அலுவலகக் கம்ப்யூட்டர்களைப் பார்வையிட அனுப்பியதும் உண்டு. விலையைப் பேசினீர்கள். எத்தனை பேர், எந்தக் கம்ப்யூட்டர், எந்த ஊர் என்பதைப் பேசினீர்களா?

இரண்டாவது கேள்வி. வரி யார் தலையில்?

கணக்காளர்கள் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது! இந்தக் கேள்விக்கு இந்த நாட்டில் விடை தெரிய ஏறத்தாழ இருபது ஆண்டு ஆயிற்று. வெளிநாட்டு நிறுவனத்துக்கு மென்பொருளுக்காகக் கொடுக்கும் பணம் என்ன பணம்? சரக்குக்குக் கொடுக்கும் விலையா, பதிப்புரிமைக்குக் கொடுக்கும் ராயல்டியா? ராயல்டி என்றால், பணம் அனுப்பும் நீங்கள் வரியைப் பிடித்துக் கட்டிவிட்டு மீதியைத்தான் அனுப்ப வேண்டும். கர்நாடக உயர் நீதிமன்றம் ராயல்டி என்றது. டெல்லி உயர் நீதிமன்றம் இல்லை என்றது. போதாததற்கு 2012இல் நாடாளுமன்றம் வருமான வரிச் சட்டத்தில் ராயல்டியே என்று ஒரு விளக்கத்தைச் சேர்த்து, அது 1976 ஜூன் 1 முதலே செல்லும் என்றது. பின்னோக்கி முப்பத்தாறு ஆண்டு!

கடைசியில் 2021 மார்ச் 2 அன்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. என்ஜினியரிங் அனாலிசிஸ் சென்டர் ஆஃப் எக்ஸலன்ஸ் வழக்கு. நீதிபதி ரோஹின்டன் நாரிமன் தலைமையிலான மூவர் அமர்வு. மென்பொருளைப் பயன்படுத்தும் அனுமதி ஒன்று, அதன் பதிப்புரிமை வேறொன்று. கடைசிப் பயனாளருக்குக் கிடைப்பது முன்னது மட்டுமே. ஆகவே இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தங்களின்படி அது ராயல்டி ஆகாது, வரி பிடிக்க வேண்டியதில்லை என்றது. பணம் அனுப்பிய நாளில் இல்லாத ஒரு விதிப்படி அன்றைக்கே வரி பிடித்திருக்க வேண்டும் என்றால் எப்படி? முடியாததைச் செய்யும்படி சட்டம் யாரையும் வற்புறுத்தாது என்ற பழைய நெறியை நீதிமன்றம் எடுத்துக்காட்டியது.

அப்பாடா, முடிந்தது என்று சாய்ந்து உட்காராதீர்கள். இந்தச் சலுகை அந்த இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தத்தின் வழியாக வருகிறது. விற்பவர் இரட்டை வரி ஒப்பந்தம் உள்ள ஒரு நாட்டில் வரி கட்டுபவர் என்பதற்கு அத்தாட்சி வேண்டும். அந்நாட்டு வரித்துறை தரும் வரிவதிவுச் சான்றிதழ், 10எஃப் படிவம், இந்தியாவில் தனக்கு நிலையான தொழிலகம் இல்லை என்ற உறுதிமொழி, இவை கையில் இருந்தால்தான் உங்கள் ஆடிட்டர் துணிந்து கையெழுத்துப் போடுவார். பணம் கொடுத்த பிறகு இந்தக் காகிதங்களைக் கேட்டால் யார் தருவார்? கொள்முதல் ஆணையிலேயே எழுதுங்கள்: காகிதம் வந்தால் பணம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டுச் சட்டம் வந்திருக்கிறது. பிரிவு எண் மாறலாம், படிவத்தின் பெயர் மாறலாம், காகிதத்தின் தேவை மாறாது.

இன்னொன்று. உரிமம், நிறுவித் தருதல், பயிற்சி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகப் பில் போட விடாதீர்கள். பயிற்சியும் மாற்றியமைத்தலும் தொழில்நுட்பச் சேவைக் கட்டணமா என்ற கேள்வி வேறு, அதன் விடையும் வேறு. தனித்தனி இனமாகப் பில் வாங்குங்கள்.

அதைவிட முக்கியமான ஒரு ஷரத்து உண்டு. 'எங்களுக்கு முழுத் தொகையும் வந்து சேர வேண்டும், உங்கள் நாட்டு வரி உங்கள் பொறுப்பு' என்று ஒற்றை வாக்கியமாக அது ஒளிந்திருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பில் 10 லட்சம். வரி பிடிக்க வேண்டிய இனமாகிவிட்டது, விகிதம் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2023 முதல் ராயல்டிக்கு உள்நாட்டுச் சட்டத்தின் விகிதம் அதுதான். உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும்? 2 லட்சம் என்பீர்கள். இல்லை. அவர் கைக்கு 10 லட்சம் போக வேண்டுமானால் மொத்தத் தொகை பன்னிரண்டரை லட்சம், வரி இரண்டரை லட்சம். மேல்வரியும் செஸ்ஸும் தனி. கால் மணி நேரம் பேசி வாங்கிய பத்து சதவீதத் தள்ளுபடி எங்கே போயிற்று?

ஜிஎஸ்டி வேறு இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து இணையம் வழி வரும் மென்பொருளுக்கு 18 சதவீதம். பதிவு பெற்ற தொழில் என்றால், எதிர்முறைக் கட்டணமாக நீங்களே கட்ட வேண்டும். உள்ளீட்டு வரி இருப்பிலிருந்து கட்ட முடியாது, ரொக்கமாகக் கட்டிவிட்டுப் பிறகு வரவு எடுக்க வேண்டும். ஜிஎஸ்டி எண்ணைக் கொடுக்காமல் கார்டில் வாங்கினால், உங்களைச் சாதாரண நுகர்வோர் என்று எண்ணி விற்பவரே வரியைச் சேர்த்து வசூலித்துவிடுவார். அந்த வரவும் உங்களுக்குக் கிடைக்காது. ஓர் எண்ணைத் தட்டச்சு செய்யாததற்கு 18 சதவீதம் அபராதம்!

மூன்றாவது கேள்வி. சாவி யார் கையில்?

ஒரு காலத்தில் மென்பொருள் பெட்டியில் வந்தது. வட்டு ஒன்று, டாங்கிள் ஒன்று. கம்பெனி மூடிப்போனாலும் உங்கள் கம்ப்யூட்டரில் அது ஓடும். இன்று அப்படியா? அடோபி 2013இல் சந்தா முறைக்கு மாறியது. ஆட்டோடெஸ்க் 2016இல் நிரந்தர உரிம விற்பனையை நிறுத்தியது. விஎம்வேர் நிறுவனத்தை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது. மறு மாதமே நிரந்தர உரிம விற்பனை முடிந்தது என்று அறிவித்தது. சந்தா என்றால் என்ன பொருள்? சாவி கடலுக்கு அப்பால் இருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு ஆண்டும் பணம் போக வேண்டும், அதுவும் டாலரில். 2010இல் டாலர் சுமார் 45 ரூபாய். 2025இல் 85ஐத் தாண்டிவிட்டது. விற்றவர் விலையை ஒரு சென்ட் கூட உயர்த்தாமலே உங்கள் செலவு இரட்டிப்பை நெருங்கிவிட்டது.

சரி, பணம் ஒழுங்காகக் கட்டுகிறோம். அப்போதாவது சாவி நம் பக்கம் திரும்புமா? வெனிசுவேலாக்காரர்களைக் கேளுங்கள். 2019 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் வெனிசுவேலா அரசின் மீது ஒரு தடை ஆணை பிறப்பித்தார். அக்டோபரில் அடோபி நிறுவனம் அறிவித்தது: வெனிசுவேலாவில் உள்ள எல்லாக் கணக்குகளும் முடக்கப்படும். படம் வரைபவர், பத்திரிகை வடிவமைப்பவர், சின்ன ஸ்டூடியோ நடத்துபவர், எல்லோரும்தான். பணம் கட்டியிருக்கிறோமே, திரும்பத் தருவீர்களா என்றால், ஆணைப்படி அதுவும் முடியாது என்பது முதல் பதில். பிறகு தருகிறோம் என்றார்கள். மாதக் கடைசியில் அமெரிக்க அரசின் சிறப்பு அனுமதி கிடைத்து, சேவை தொடரும் என்றார்கள். முடிவு நல்லபடியாக அமைந்தது. ஆனால் அந்த மாதம் முழுவதும் அவர்கள் பிழைப்பு யார் கையில் இருந்தது?

அது எங்கோ தென் அமெரிக்கா என்று விட்டுவிடலாமா? குஜராத்தின் வாடினாருக்கு வாருங்கள். நயாரா எனர்ஜி, ஆண்டுக்கு 2 கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலை. அதில் ரஷ்யாவின் ரோஸ்நெஃப்டுக்கு 49.13 சதவீதப் பங்கு. 2025 ஜூலை 18 அன்று ஐரோப்பிய ஒன்றியம் அந்த ஆலையைத் தன் தடைப் பட்டியலில் சேர்த்தது. சில நாட்களில் ஊழியர்களின் அவுட்லுக் மின்னஞ்சலும் டீம்ஸ் வசதியும் நின்றன. மைக்ரோசாஃப்ட் சேவையை நிறுத்தியிருந்தது. ஆலை இந்தியாவில். ஊழியர் இந்தியாவில். உரிமத்துக்கு முழுப் பணமும் கட்டியாயிற்று என்றது நயாரா. தடை விதித்தது இந்திய அரசா? இல்லை. விற்ற நிறுவனம் ஐரோப்பிய நிறுவனமா? அதுவும் இல்லை, அமெரிக்க நிறுவனம். நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது, சில நாட்களில் சேவை மீண்டது. நயாரா பெரிய நிறுவனம். மறுநாளே மூத்த வழக்கறிஞரை நிறுத்த முடியும். பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையால் முடியுமா?

மூன்றாம் நாட்டின் சட்டத்துக்காக உங்கள் சேவையை நிறுத்தலாமா? நிறுத்துமுன் எத்தனை நாள் அவகாசம்? நிறுத்திய பிறகு உங்கள் வரைபடங்களை எந்த வடிவில் எடுத்துக்கொள்ளலாம்? கட்டிய பணத்தில் மீதி திரும்புமா? இந்த நான்குக்கும் ஒப்பந்தத்தில் பதில் இருக்க வேண்டும். இருக்கிறதா? விலையைப் பேசினீர்கள். சாவியைப் பற்றிப் பேசினீர்களா?

நான்காவது கேள்வி. சண்டை வந்தால் எந்த ஊரில்?

ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். கலிபோர்னியாச் சட்டம், அங்குள்ள நீதிமன்றம் என்றிருக்கும். நட்ட ஈடு எவ்வளவு வந்தாலும், கடந்த பன்னிரண்டு மாதத்தில் நீங்கள் கட்டிய கட்டணத்துக்கு மேல் போகாது என்றும் இருக்கும். மூன்று லட்ச ரூபாய் சந்தாவுக்காக சான்பிரான்சிஸ்கோ வக்கீல் வைப்பீர்களா? கோயம்புத்தூரிலேயே வழக்குப் போட்டு ஜெயித்தாலும், அந்தத் தீர்ப்பைக் கொண்டுபோய் அமெரிக்காவில் நேராக நிறைவேற்ற முடியாது. பரஸ்பரம் தீர்ப்புகளை ஏற்கும் நாடுகள் என்று நம் சட்டம் அறிவித்தவற்றில் பிரிட்டன் உண்டு, சிங்கப்பூர் உண்டு, 2020 முதல் ஐக்கிய அரபு அமீரகமும் உண்டு. அமெரிக்கா இல்லை. ஆனால் நடுவர் தீர்ப்பின் கதை வேறு. 1958ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையில் இந்தியாவும் இருக்கிறது, அமெரிக்காவும் இருக்கிறது. ஆகவே நடுவர் மன்றம் என்று கேளுங்கள். சென்னை என்று கேளுங்கள். முடியாவிட்டால் சிங்கப்பூர். அதுவும் முடியாவிட்டால், விற்பவரின் இந்தியக் கிளையிடமோ இங்குள்ள விநியோகஸ்தரிடமோ வாங்குங்கள். கொஞ்சம் கூடுதலாக ஆகலாம். பில் ரூபாயில் வரும், ஜிஎஸ்டி வரவு நேராக வரும், சண்டை என்றால் அவர் முகவரி அவினாசி சாலையிலோ அண்ணா சாலையிலோ இருக்கும். அப்போதும் ஓர் எச்சரிக்கை. பணம் இங்கே கொடுத்தாலும், நிறுவும்போது திரையில் வரும் ஒப்பந்தம் வெளிநாட்டு நிறுவனத்தோடுதான். இரண்டு காகிதமும் ஒரே பேச்சைப் பேசுகின்றனவா என்று பாருங்கள்.

விற்றவரே மாறிவிடலாம் என்பதையும் மறக்காதீர்கள். 2021ஆம் ஆண்டு ஒன்றிலேயே, அமெரிக்க கெர்பரை பிரெஞ்சு லெக்ட்ரா வாங்கியது. மாஸ்டர்கேம் தயாரிக்கும் அமெரிக்க நிறுவனத்தை ஸ்வீடனின் சாண்ட்விக் வாங்கியது. நீங்கள் யாரோடு ஒப்பந்தம் போட்டீர்களோ அவர் இல்லை, அவரை வாங்கியவர் இருக்கிறார். விற்கும்போது சொன்ன விலையும் ஆதரவும் அவரைக் கட்டுப்படுத்தும் என்று எழுதி வாங்கினீர்களா?

நண்பர்களே, இங்கே யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. 'ஐயா, நாங்கள் கேட்டால் அவர்கள் மாற்றுவார்களா? நாங்கள் யார், அவர்கள் யார்?' நியாயமான சந்தேகம். இதற்குப் பதில் சென்னையில் இருக்கிறது.

1996இல் தொடங்கிய ஜோஹோவும், 2010இல் சென்னையில் தொடங்கி 2021இல் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலான ஃப்ரெஷ்வொர்க்ஸும் தங்கள் மென்பொருளை யாருக்கு விற்கின்றன? உலகம் முழுவதற்கும். அங்கே விற்பவர் நாம், வாங்குபவர் ஐரோப்பியர். அவர் திரையில் வந்ததை அழுத்திவிட்டுப் போகிறாரா? 2018 மே மாதம் அங்கே தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு என் தகவல் எந்த நாட்டில் இருக்கும், யார் பார்ப்பார்கள், ஒப்பந்தம் முடிந்தால் எப்படி அழிப்பீர்கள் என்று எழுத்தில் கேட்காமல் அவர் வாங்குவதில்லை. சென்னைக்காரர் பதில் எழுதுகிறார். திருப்பூரில் பனியன் வாங்க வரும் வெளிநாட்டுக்காரர் என்ன செய்கிறார்? கழிப்பறை எத்தனை, தீயணைப்பான் எங்கே, கூடுதல் வேலைக்குக் கூலி எவ்வளவு என்று கட்டுக்கட்டாகக் கேள்வி கொண்டுவருகிறார். நாம் பதில் சொல்கிறோமா இல்லையா? சொல்கிறோம். ஏன்? அவர் வாங்குகிறவர்.

அப்படியானால், நாம் வாங்கும்போது நாம் யார்? நாமும் வாங்குகிறவர்தானே!

ஒற்றைப் பட்டறை கேட்டால் அசையாத ஷரத்து, இந்தச் சங்கத்தின் பெயரில் ஐம்பது பட்டறைகள் சேர்ந்து கேட்டால் அசையும். ஆகவே என் வேண்டுகோள் இது. உங்கள் ஒவ்வொருவரிடமும் ஏதோ ஓர் உரிமம் இந்த ஆண்டு புதுப்பிக்க வரும். புதுப்பிக்கும் நாளுக்கு இரண்டு மாதம் முன்பே அந்த ஒப்பந்தத்தை எடுத்துச் சங்க அலுவலகத்தில் வையுங்கள். ஒரு வக்கீலும் ஓர் ஆடிட்டரும் சேர்ந்து உட்காரட்டும். எத்தனை பேர், எந்த வரி, யார் கையில் சாவி, எந்த ஊரில் நடுவர் என்ற நான்கையும் ஒரே கடிதத்தில் எழுதி, ஐம்பது பேரும் கையெழுத்திட்டு அந்த நிறுவனத்துக்கு அனுப்புங்கள். அவர் மறுத்தால் அவருடைய போட்டியாளருக்கு அதே கடிதத்தை அனுப்புங்கள். பதில் எழுத்தில் வந்த பிறகு விலையைப் பற்றிப் பேசுங்கள். அதை எப்படிப் பேசுவது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.